ரோபோ பார்த்துக்கும்

ஆபரேஷன் ஆனவர்களைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததில் என்னை மிஞ்ச ஆளில்லை. நான் வாங்கிக்கொண்டு போன ஆப்பிளில் ஒரு மலைச்சரிவே மொட்டையாகியிருக்கிறது. பார்வையாளர் நேரம் முடிந்ததும் என்னைக் கிளப்பி வெளியே அனுப்புவதற்கென்றே சில ஆஸ்பத்திரிகளில் தனி ஆள் போட்டிருக்கிறார்கள். சரி, மலைச்சரிவு கொஞ்சம் அதிகப்படி. தனி ஆளும் பொய். ஆனால் ஒரு காவலாளி என் குடையைத் தூரத்தில் கண்டதுமே பெருமூச்சு விடுவார் என்பது மட்டும் ஏறக்குறைய உண்மை.

இத்தனை கட்டிலோரம் உட்கார்ந்து நான் கண்டெடுத்த ஓர் இனத்தை இன்றைக்கு உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். பெயர், ரோபோக்காரர். அதிலும் உயர்ந்த சாதி ரகம் ஒன்று உண்டு. எடை குறைய வேண்டும் என்று ஒரு தடவை வயிற்றை வெட்டிச் சுருக்கிக்கொண்டு, போன எடையெல்லாம் வழி கேட்டுக்கொண்டு திரும்பி வந்துவிட, இன்னொரு தடவை வெட்டிக்கொள்ளக் கிளம்புகிற ரோபோக்காரர்.

எப்படி அடையாளம் காண்பது? ரொம்பச் சுலபம். சாதாரண நோயாளி "எனக்கு ஆபரேஷன்" என்பார். இவர் "எனக்கு ரோபோ" என்பார், நல்ல இடத்தில் பெண்ணைக் கொடுத்துவிட்ட தோரணையில். சாதாரண நோயாளிக்கு டாக்டர் பெயர் தெரியும், மெஷின் பெயர் தெரியாது. இவருக்கு டாக்டர் பெயர் நாக்கு நுனி வரை வந்து நின்றுவிடும்; மெஷினுடைய மாடல் நம்பர் மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் வரும். நாலு பேர் சாப்பிட உட்கார்ந்து, முதல் வாய் உள்ளே போகிற சமயம் பார்த்துக் கைபேசியை நீட்டி ஒரு வீடியோ காட்டுவார். அதில் எந்திரக் கை ஒன்று திராட்சைப் பழத்தின் தோலை உரித்து, உரித்த தோலை மறுபடியும் பழத்தோடு வைத்துத் தைக்கும். "பாருங்க, பழத்துக்கே தெரியாது" என்பார். திராட்சைக்கு என்ன நோய், அதை எதற்குத் தைத்தார்கள் என்று கேட்டால் அன்றோடு நம் சிநேகம் முடிந்தது.

முதல் ஆபரேஷன் ஏன் பலிக்கவில்லை என்று மட்டும் தப்பித் தவறியும் கேட்காதீர்கள். முதல் டாக்டருக்குக் கை லேசாக நடுங்கும். அவர் தைத்த நூல் பழைய சரக்கு. அன்றைக்கு ஆபரேஷன் அறையில் ஏசி சரியில்லை. இரைப்பையைக் குறுக்கி வாழைப்பழம் மாதிரி ஆக்கச் சொன்னால், கவனிக்காமல் பூசணிக்காய்க்கு அளவெடுத்துவிட்டார்கள். வீட்டு எடை மெஷின் வேறு பொய் சொல்கிறது. இப்படி எல்லோர் மேலும் குற்றப்பத்திரிகை படித்து முடிப்பார், ஒரே ஓர் ஆளைத் தவிர. அந்த ஆள் அப்போது பிஸ்கட் தின்றுகொண்டிருப்பார்.

பொதுவாகப் பேசினால் உங்களுக்கு நம்பிக்கை வராது. என் சம்பந்தியையே காட்டுகிறேன். என் மகளை அவர் மகனுக்குக் கொடுத்திருக்கிறேன். ஆகவே அவரைப் பற்றி நான் எதுவும் சொல்லக் கூடாது. எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

சம்பந்தி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளிக்கூடம் நடத்துகிறார். ஒரு சின்ன அறை, சுவரில் சாலைக் குறியீடுகள், வெளியே தலையில் பலகை வைத்த கார். ஓட்டுகிறவர் பக்கத்தில் ஒரு பிரேக் என்றால், கற்றுக்கொடுக்கிற அவர் காலடியிலும் ஒரு பிரேக். காலை முழுக்க அந்தக் காருக்குள்ளிருந்து அவர் போடும் சத்தம் தெருவுக்கே பாடம்: "வண்டி தானாப் போகாது. நீதான் ஓட்டணும். உன் கண்ணு எங்க?" தெருவில் கார் ஓட்டவே தெரியாதவர்கள்கூட இதைக் கேட்டுக் கேட்டு நிமிர்ந்து நடக்கப் பழகிவிட்டார்கள்.

முதல் ஆபரேஷன் ஆன புதிதில் மனிதர் ஜம்மென்று இளைத்தார். பழைய சட்டைகளையெல்லாம் மூட்டை கட்டி மைத்துனருக்குக் கொடுத்தார், "இனிமே எனக்கு இதுக்குள்ள நிக்கவே இடம் இருக்காது, கூடாரம் மாதிரி" என்ற பிரசங்கத்தோடு. பிறகு கொஞ்ச நாள் கழித்து ஒரு சட்டையைத் திரும்பக் கேட்டார், ஏதோ ஞாபகார்த்தம் என்று. அப்புறம் இன்னொன்று. கடைசியில் மைத்துனரே மூட்டையைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, மணியை அடித்துவிட்டுப் போய்விட்டார்.

எப்படித் திரும்பி வந்தது எடை? அதுதான் விஞ்ஞானத்துக்குப் புரியாத விஷயம் என்பார் சம்பந்தி. சாப்பாட்டு மேசையில் அவர் சாப்பிடுவது ஒரு குழந்தைக் கை அளவு. அதில் பொய்யே இல்லை. சுருக்கிய வயிறு அதற்கு மேல் வாங்காது. ஆனால் அவர் அகராதியில் சாப்பாடு என்றால் மேசை, தட்டு, நாற்காலி மூன்றும் சேர்ந்தது. காருக்குள் நடப்பது சாப்பாடு ஆகாது. கற்றுக்கொள்ள வந்த பிள்ளை கிளட்சோடு மல்லுக்கட்டி வியர்த்து வழிந்துகொண்டிருக்க, சம்பந்தியின் இடது கை முன்பக்கப் பெட்டியைத் திறந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துவரும். வளைவு வந்தால் சிப்ஸ். சிவப்பு விளக்கு விழுந்தால் சாக்லேட். பொடிப்பொடியாகப் போவது எந்தச் சின்ன வயிற்றிலும் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். போக்குவரத்து நெரிசல் அதிகமான நாட்களில் எடை கூடுதலாக ஏறியது என்று சம்பந்தியம்மா சொல்வதை நான் நம்புகிறேன்.

இதுவரைக்கும் சிரிப்புதான். இனிமேல்தான் விஷயம்.

குழாய் மாதிரி குறுக்கிய இரைப்பையிலிருந்து அமிலம் மேலே ஏற ஆரம்பித்தது. படுத்தால் தொண்டை வரை வந்து எரியும், மூச்சு அடைக்கும், இருமல் பிடித்துக்கொள்ளும். படுக்கையை விட்டு ஒரு மர நாற்காலிக்குக் குடிபோனார். இரவெல்லாம் உட்கார்ந்தபடியே தூக்கம். உள்ளே கேமரா விட்டுப் பார்த்த டாக்டரம்மா, உணவுக்குழாய் அடிப்பக்கம் புண்ணாகியிருக்கிறது, இப்படியே விட்டால் மோசமாகும், மறு ஆபரேஷன் வேண்டும் என்றார். இந்தத் தடவை இரைப்பையின் மேல்நுனியில் ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்துக் குடலோடு நேராக இணைப்பது. அமிலம் ஏற வழி இருக்காது.

டாக்டரம்மா குள்ளமான மனுஷி, நறுக்கென்று பேசுவார். முதல் தடவை வெட்டிய இடமெல்லாம் உள்ளே ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும், பிரித்தெடுப்பது சள்ளைபிடித்த வேலை, அதற்கு ரோபோ கை கொஞ்சம் ஒத்தாசை என்றார். அது தானாக எதுவும் செய்யாது, தள்ளி ஒரு பெட்டி முன்னால் உட்கார்ந்து நான்தான் அதன் விரலை ஆட்டுவேன், ரோபோ இல்லாமலும் செய்யலாம் என்றார். எல்லாவற்றையும் விட முக்கியம் என்று ஒன்று சொன்னார். கல்லீரல் இரைப்பைக்கு மேலே மூடி மாதிரி கிடக்கிறது, கொழுப்பேறிப் பருத்திருக்கிறது, அது சுருங்கினால்தான் உள்ளே வழி தெரியும். அதற்காக ஆபரேஷனுக்கு முந்தின இரண்டு வாரம் சக்கரையும் கொழுப்பும் இல்லாத நீர் ஆகாரம் மட்டும்.

இவ்வளவு நீளப் பேச்சில் சம்பந்தியின் காதில் விழுந்தது ஒரே சொல். எது என்று நான் சொல்லவும் வேண்டுமா?

அன்றிலிருந்து கார்ப் பள்ளிக்கூடத்தில் பாடம் மாறிவிட்டது. "அதுக்கு நாலு கை. ஒரு கைகூட நடுங்காது. மனுஷன் மணிக்கட்டு இப்படித்தான் திரும்பும், அது சுத்திச் சுத்தி வரும்" என்று அவர் இரண்டு கையையும் சுழற்றிக் காட்டியதில் ஒரு மாணவி பயந்து வண்டியை நிறுத்தியே விட்டாள். எதிர்வீட்டுக்காரர் நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று கேட்டுத் தொலைத்தார். அவருக்குச் சம்பந்தி வீட்டு வராந்தாவில் அப்புறம் நாற்காலி போடுவதில்லை. மனைவி பயப்பட்டால், மகன் இரண்டாம் தடவை கொஞ்சம் ஆபத்துதானே என்று இழுத்தால், என் மகள் சூப்பை வடிகட்டிக் கொண்டுவந்து வைத்தால், எல்லாவற்றுக்கும் ஒரே பதில்.

"ரோபோ பார்த்துக்கும்."

நீர் ஆகாரம் தொடங்கிய வாரம் நலம் விசாரிக்கப் போயிருந்தேன். மேசை மேல் ஒரு பெரிய ஐஸ்கிரீம் டப்பா மூடி திறந்து இருந்தது. எதிரே சம்பந்தி, பரிசோதனைச் சாலையில் உட்கார்ந்த விஞ்ஞானி மாதிரி, கையில் கரண்டியோடு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உருகட்டும்னு வெச்சிருக்கேன், சம்பந்தி. கட்டியா சாப்பிடக் கூடாதாம்."

நான் என்ன சொல்ல முடியும்? சம்பந்தி வீட்டில் ஒரு வார்த்தை கூடினாலும் குற்றம், குறைந்தாலும் குற்றம். சம்பந்தியம்மாதான் மிக்சியைக் காட்டினார். அதற்குள் பாலும் கேக்கும் சேர்த்து அரைத்த ஒரு குழம்பு நின்றிருந்தது. டாக்டர் சக்கரை கூடாது என்றாரே என்று அவர் கேட்க, சக்கரை நான் போடவே இல்லை, கேக்தான் போட்டேன் என்று சம்பந்தி நியாயம் பேசினார். ஏமாற்றுகிறோம் என்ற எண்ணம் அவர் முகத்தில் துளிகூட இல்லை. அதுதான் இந்த இனத்தின் தனிச் சிறப்பு. மற்றவர்கள் டாக்டரை ஏமாற்றுவார்கள். இவர்கள் டாக்டர் சொல்லை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்துக்கொண்டே கொழுப்பார்கள்.

ஆபரேஷன் நாள் வந்தது. வெகுநேரம் ஆகும் என்று சொல்லியிருந்ததால் நான் ஆப்பிளும் பின்னல் ஊசியும் எடுத்துப் போயிருந்தேன். இரண்டு வரிசை பின்னுவதற்குள் டாக்டரம்மா வெளியே வந்துவிட்டார். சீக்கிரம் முடிந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டு எழுந்த சம்பந்தியம்மா, அவர் முகத்தைப் பார்த்து அப்படியே மறுபடி உட்கார்ந்தார். கேமராவை உள்ளே விட்டதும் கல்லீரலைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லையாம். முன்னைவிடப் பருத்திருந்ததாம். மூடிவிட்டு வந்துவிட்டேன் என்றார்.

உள்ளே போனோம். மயக்கம் தெளிந்த சம்பந்தி அதற்குள் பக்கத்துக் கட்டில்காரருக்கு வகுப்பே எடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பாவப்பட்ட மனிதருக்குப் பித்தப்பையை எடுத்திருந்தார்கள், அதுவும் வெறும் மனுஷக் கையால். ஆகவே தாழ்வு மனப்பான்மையோடு கேட்டுக்கொண்டிருந்தார். பூ வைத்த மாதிரி இருக்கிறது என்றார் சம்பந்தி. வலியே இல்லை என்றார். வயிறு சின்னதாகிவிட்டது தொட்டுப் பார்த்தாலே தெரிகிறது, பசி என்ற ஒன்றே மறந்துவிட்டது, கையால் செய்கிற வைத்தியமெல்லாம் இனி எதற்கு என்றார். சம்பந்தியம்மா இரண்டு தடவை "கேளுங்க" என்று ஆரம்பித்தார். இவர் கை காட்டி நிறுத்தினார். மணிக்கட்டைச் சுழற்றும் கட்டம் வந்திருந்தது.

டாக்டரம்மா வந்து கட்டில் பக்கத்தில் நின்றார். சுற்றி வளைக்கவில்லை.

"ஒண்ணும் பண்ணல, சார். உள்ள போய்ப் பார்த்துட்டு வெளிய வந்துட்டோம்."

மணிக்கட்டு அந்தரத்தில் நின்றது. பித்தப்பைக்காரர் மரியாதையாகச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நீங்களும் நானும் என்றால் அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வோம். ரோபோக்காரர் அப்படியல்ல. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதான் நாலு கை இருக்கே. ஒரு கையால ஈரலைத் தூக்கிப் பிடிச்சிருக்கலாமே?" என்று கேட்டார்.

"தூக்கினேன். கிழிஞ்சு ரத்தம் கொட்டுச்சு. இருந்த கொஞ்ச நேரமும் அதை நிறுத்தறதுலயே போச்சு."

அதற்கும் அடங்கினாரா? புது மாடல் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன், அதில் பிடி இன்னும் மென்மையாக இருக்குமாமே என்று இழுத்தார். டாக்டரம்மா பேனாவை மூடிப் பையில் வைத்தார். உங்கள் காரில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு விலை கூடின கார் கொடுத்தால் பாஸாகிவிடுமா என்று கேட்டார். ஈரல் சுருங்காமல் மறுபடி கத்தியைத் தொட மாட்டேன், சுருங்கினால் அடுத்த மாதமே செய்கிறேன், சுருக்குகிற பொறுப்பு எந்த மெஷினுக்கும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சம்பந்தி தலையணையில் சாய்ந்து, இந்த டாக்டருக்கும் கை நடுங்குகிறது போலிருக்கிறது என்று ஆரம்பித்தார். பழைய பட்டியலில் புதுப் பெயர் ஏறப் போகிறது என்று எனக்குத் தெரிந்தது. அப்போதுதான் சம்பந்தியம்மா பேசினார். குரல் உயரவே இல்லை.

"நீங்க அந்த நாற்காலியில கிறீச்சு கிறீச்சுன்னு அசைஞ்சுக்கிட்டே இருக்கீங்க. அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வருது. சத்தம் நின்னா எழுந்து வந்து மூக்குக்கிட்ட கை வெச்சுப் பார்க்கறேன். அதையும் உங்க ரோபோவைப் பார்த்துக்கச் சொல்லுங்க."

அவ்வளவுதான். என் கையில் ஆப்பிள் இருந்தது. அதை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. சம்பந்தி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்வையைத் திருப்பாமலே, "அந்த முன்பக்கப் பெட்டிச் சாவி என் சட்டைப் பையில இருக்கு" என்றார்.

சாவியைக் கொடுத்ததோடு முடியவில்லை. அவர் வார்த்தையில் நம்பிக்கை இல்லாத சம்பந்தியம்மா, மறுவாரமே காரின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். பாவம், கற்றுக்கொள்ள வந்தவர்கள். சம்பந்தியின் கை பழக்க தோஷத்தில் பெட்டிப் பக்கம் நகரும். பின்னாலிருந்து "கையை எடுங்க" என்று அதட்டல் வரும். ஓட்டுகிற பிள்ளை நடுங்கிப்போய் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிடும். கார் ஒரு தடவை பூக்கடைக்காரர் வாளி வரை போய் நின்றது. சம்பந்தியின் காலடிப் பிரேக் இல்லாவிட்டால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி முடிந்திருக்கும். வடிகட்டின சூப்பும், கொழுப்பு நீக்கிய பாலும், புரதப் பொடி கரைத்த தண்ணீருமாக மனிதர் படாத பாடு பட்டார். என் மகளைத் திட்டினார், டாக்டரைத் திட்டினார், ஐஸ்கிரீம் விளம்பரம் வந்தால் டிவியைத் திட்டினார். ஆனால் குடித்தார். ஈரல் வழிக்கு வந்தது.

மறு ஆபரேஷன் நடந்த அன்று நான் வெளியூரில் இருந்தேன். சம்பந்தி பின்னால் நேரில் விவரித்ததை அப்படியே எழுதுகிறேன். இந்தத் தடவை அந்த ரோபோ என்ன லாவகமாக இறங்கியது! சிக்குப் பிடித்த நூற்கண்டைப் பிரிப்பதுபோல ஒட்டிக் கிடந்ததையெல்லாம் நாலு கையும் பிரித்து, முத்துக் கோப்பதுபோலத் தையல் போட்டு, ஒரு சொட்டு ரத்தம் வீணாக்காமல் முடித்துக் கொடுத்துவிட்டதாம். இப்போது மனிதர் கட்டிலில் மல்லாந்து படுத்துத் தூங்குகிறார். குறட்டை வாசல் வரை கேட்கிறது. மர நாற்காலியில் துணி மடித்து வைக்கிறார்கள். யார் நலம் விசாரித்தாலும் சூப்பைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, பின் சீட்டைப் பற்றி மூச்சு கிடையாது. "எல்லாம் ரோபோ" என்கிறார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அதற்கு முன்னால் உங்கள் மணிக்கட்டைக் கொஞ்சம் பாருங்கள். நீங்கள் நடந்ததை எண்ணுகிற கடிகாரம் ஒன்று கட்டியிருக்கிறீர்கள் அல்லவா? கணக்கு குறைந்த நாளில் சோபாவில் உட்கார்ந்தபடியே கையை மட்டும் ஆட்டியதில்லையே? மூலையில் நிற்கிற, ஏறி ஓடுவதற்கென்று வாங்கிய மெஷின் மேல் காய்வது உங்கள் வீட்டுத் துண்டு இல்லையே? நாளையிலிருந்து விடியற்காலையில் எழுந்துவிடுவது என்று முடிவு செய்து, அதற்காக ஒரு புது அலாரம் வாங்கி, அதோடு அந்த வேலை பாதி முடிந்துவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கியதில்லையே? இல்லை என்றால் நல்லது. ஆனாலும் உங்கள் வீட்டுப் பின் சீட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிடுங்கள்.

அச்சுக்கு அனுப்புமுன், மரியாதைக்கு, இதைச் சம்பந்தியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மடித்த துணியை அடுக்கிக்கொண்டே கேட்டார். ஐஸ்கிரீம் இடத்தில் சிரித்தார். நாற்காலி இடத்தில் மடித்த சட்டை ஒன்றைப் பிரித்து மறுபடியும் மடித்தார். எல்லாம் சரி, ஓர் இடம் மட்டும் தப்பு என்றார்.

"அன்னிக்கு அந்த மெஷின் ரிப்பேருங்க, சம்பந்தி. காலையிலயே டாக்டரம்மா வந்து சொல்லி, எங்க ரெண்டு பேரையும் கேட்டுக்கிட்டு, எப்பவும் போல துளை போட்டுத் தன் கையாலதான் பண்ணினாங்க. அவருக்கு நல்லாத் தெரியும். ஏங்க ஊரெல்லாம் இப்படிச் சொல்றீங்கன்னு கேட்டா, 'அதனால என்ன, பக்கத்து ரூம்லதானே இருந்துச்சு'ங்கறார்."